பனி விழுந்த இரவில் சைரன் ஏன் ஊதவில்லை?

முதலில் கேள்வி. நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட், உருளை, கொஞ்சம் தேயிலை என்று வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்காக ஒருவர் 40 வெப்பநிலை சென்சார்களை நட்டிருக்கிறார். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒரு முறை சிம் வழியாக எம்கியூடிடி என்ற செய்தி அனுப்பும் நெறிமுறையில் அளவை அனுப்புகிறது. வாடகை சர்வரில், செய்திகளை வாங்கி உரியவர்களுக்கு அனுப்பும் மஸ்கிட்டோ என்ற புரோக்கர் மென்பொருள் ஓடுகிறது. அதே சர்வரில் ஒரு சின்ன நிரல் அளவுகளைப் பார்த்துக்கொண்டே இருந்து, 2 டிகிரிக்குக் கீழே போனால் எச்சரிக்கை அனுப்பும். வாங்கிக்கொள்ள விவசாயிகளின் போனில் ஒரு ஆப், ஊர் நடுவில் ஒரு சைரன் பெட்டி.

பகலில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. உறைபனி விழுந்த இரண்டு இரவுகளிலும் சைரன் ஊதவில்லை, போனுக்கும் எதுவும் வரவில்லை. விடிந்து போனைத் திறந்தால் முந்தின நாள் முன்னிரவு அளவுகள் வரிசையாக வந்து கொட்டுகின்றன. வேறு நாட்களில் சில எச்சரிக்கைகள் இரண்டு தடவை வந்தன. புதிதாகச் சேர்த்த சென்சார்களில் இரண்டு, வருவதும் போவதுமாக இருக்கின்றன. ஒரு தோட்டத்துக்கு மட்டும் என்றைக்குமே எச்சரிக்கை வந்ததில்லை. நண்பர்கள் காஃப்காவுக்கு மாறச் சொல்கிறார்களாம். மாறலாமா என்கிறார்.

மாற வேண்டாம். காஃப்கா ஒரு பெரிய பேரேடு மாதிரி. வந்ததெல்லாம் வரிசையாக எழுதி வைக்கப்படும். யார் எந்தப் பக்கம் வரை படித்தார்கள் என்ற கணக்கும் இருக்கும். தேவைப்பட்டால் பின்னால் போய்த் திரும்பப் படிக்கலாம். நொடிக்கு லட்சம் செய்தி வருகிற இடத்துக்கு அது அருமையான சாதனம். உங்களுக்கு வருவது நிமிடத்துக்கு 40. எம்கியூடிடி பிறந்த கதையே உங்கள் கதைதான்: 1999-ல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க்கும் ஆர்காம் நிறுவனத்தின் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக எழுதியது அது. பேண்ட்வித் கொஞ்சம், பேட்டரி கொஞ்சம், இணைப்பு எப்போது போகும் என்று தெரியாது. கேத்திக்கு இதைவிடப் பொருத்தமாக யார் எழுதித் தரப்போகிறார்கள்? கருவியில் பழுதில்லை. அதனிடம் சொல்லிவைத்த விதத்தில்தான் பழுது.

எங்கள் குன்னூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தேயிலை ஏலத்தில் ஃபேக்டரி சரக்கைப் புரோக்கரிடம் விட்டுவிடும். எடுப்பவர் யார், எத்தனை பேர் என்று ஃபேக்டரிக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. எம்கியூடிடியிலும் நடுவில் இருப்பவர் பெயர் புரோக்கர்தான். சென்சார் ஒரு டாபிக்கின் பேரில் செய்தியைப் போட்டுவிட்டுப் போய்விடும். அந்த டாபிக்குக்குச் சந்தா வைத்தவர்களுக்குப் புரோக்கர் அனுப்பும். போட்டவருக்கும் எடுப்பவருக்கும் நேரடிப் பேச்சே கிடையாது. இதுதான் இந்த அமைப்பின் சுகம். உங்கள் தொல்லை முக்கால்வாசி கிளம்புவதும் இங்கிருந்துதான். போட்டவருக்கு "சரக்கு புரோக்கரிடம் சேர்ந்தது" என்று ரசீது வரும். "விவசாயி பார்த்தார்" என்று எவரும் ரசீது தருவதில்லை.

சரி, இப்போது ஒவ்வொரு செய்தியையும் எடுத்து இது நிலையா, நிகழ்வா என்று பிரியுங்கள். "7-ம் நம்பர் சென்சாரில் 4.5 டிகிரி" என்பது நிலை. அடுத்த நிமிடம் புது அளவு வந்ததும் பழையதற்கு மதிப்பில்லை. ஒன்று தொலைந்தால் தொலையட்டும். "7-ம் நம்பரில் 2 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டது" என்பது நிகழ்வு. அது தொலையவே கூடாது. ஆனால் 6 மணி நேரம் கழித்து வந்தாலும் பயனில்லை. நீங்கள் இரண்டையும் ஒரே மாதிரி அனுப்பியிருக்கிறீர்கள்: எல்லாமே கியூஓஎஸ் 1 (வாங்கியதற்கு ரசீது கேட்கும் தரம்; 0 என்றால் அனுப்பிவிட்டு மறந்துவிடும்), போனில் எல்லாமே நிலைத்த செஷன், சந்தா "தோட்டம்/#". அதாவது தோட்டம் என்று தொடங்கும் அத்தனையும் எனக்கு வேண்டும், நான் இல்லாதபோது எடுத்து வை என்று சொல்லியிருக்கிறீர்கள். புரோக்கர் சொன்னபடி செய்திருக்கிறது, பாவம்.

கணக்குப் பாருங்கள். மஸ்கிட்டோ இணைப்பில் இல்லாத ஒரு கிளையண்டுக்காக (புரோக்கரோடு இணையும் போன், பெட்டி, சென்சார் எதுவும் கிளையண்ட்தான்) எடுத்து வைக்கும் செய்திகளின் வரம்பு, நாம் மாற்றாவிட்டால், 1000. விவசாயி 9 மணிக்கு டேட்டாவை அணைத்துவிட்டுப் படுக்கிறார். நிமிடத்துக்கு 40 வீதம் 25 நிமிடத்தில் அவருடைய வரிசை நிரம்பிவிடுகிறது. நிரம்பிய பிறகு வருவதைத்தான் மஸ்கிட்டோ கீழே போடுகிறது, பழையதை அல்ல. 9.25-க்குப் பிறகு வந்த அளவுகள் போயின. அவற்றோடு 3 மணிக்குக் கிளம்பிய உறைபனி எச்சரிக்கையும் போயிற்று. நடுவில் ஒரு நிமிடம் டேட்டாவைப் போட்டிருந்தாலும் அவருக்கு வந்திருப்பது முன்னிரவு அளவுகள்தான். விடிந்ததும் கொட்டியவை எவை என்று நேரத்தைப் பாருங்கள், 9-க்கும் 9.25-க்கும் நடுவில் வந்த சுமார் ஆயிரம் செய்திகளாக இருக்கும். வரம்பை ஒரு லட்சமாக்கினால் தீருமே என்று தோன்றும். தீராது. எச்சரிக்கை அப்போது 14,000 செய்திக்குப் பின்னால் நிற்கும்.

மாற்ற வேண்டியது இவ்வளவுதான். அளவுகள் கியூஓஎஸ் 0, கூடவே ரீட்டெய்ன். கியூஓஎஸ் 0 செய்தியை மஸ்கிட்டோ, நாம் தனியாகச் சொன்னாலொழிய, வரிசையில் வைக்காது. ரீட்டெய்ன் போட்டால் ஒவ்வொரு டாபிக்கிலும் கடைசி அளவு ஒன்றை மட்டும் புரோக்கர் கையில் வைத்திருக்கும். போன் இணைந்ததும் 40 சென்சாருக்கு 40 அளவு வந்துவிடும். எச்சரிக்கைக்குத் தனி டாபிக், கியூஓஎஸ் 1, நிலைத்த செஷன், ரீட்டெய்ன் கூடாது. எம்கியூடிடி 5 பயன்படுத்தினால் செய்திக்கு ஆயுளும் குறிக்கலாம். 2019-ல் தரமாக வந்த பதிப்பு அது. மஸ்கிட்டோ அதைத் தாங்கும். 3 மணி எச்சரிக்கைக்கு 3 மணி நேர ஆயுள் கொடுத்தால், வெயில் ஏறின பிறகு போனை எடுப்பவரை அது கலவரப்படுத்தாது.

அடுத்தது சைரன். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் இதில் நானே ஒரு சீசன் முழுக்க ஏமாந்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கான்ஃபிக் கோப்பில் சைரன் பெட்டியின் கீப் அலைவ், அதாவது உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு பிங் அனுப்ப விடும் இடைவெளி, 1200 நொடி. டேட்டா மிச்சம் பிடிக்க வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெட்டி எதையும் அனுப்புவதில்லை, எச்சரிக்கைக்காகக் காத்திருப்பது மட்டும்தான் அதன் வேலை. எனவே 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு பிங் போவதைத் தவிர அந்த இணைப்பில் ஒன்றுமே நகர்வதில்லை. மொபைல் கம்பெனிகள் பல பேருக்கு ஒரே பொது முகவரியைப் பங்கு போட்டுத் தருகிறார்கள். யாருடைய இணைப்பு எது என்று ஒரு அட்டவணை வைத்திருப்பார்கள். சில நிமிடம் சும்மா கிடக்கும் இணைப்பை அதிலிருந்து சத்தமில்லாமல் அழித்துவிடுவார்கள். பெட்டிக்கும் தெரியாது, புரோக்கருக்கும் தெரியாது. இரண்டு பேரும் லைனில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த நேரத்தில் எச்சரிக்கை வந்தால் புரோக்கர் அதை இணைப்பில் தள்ளும், அது எங்கும் போய்ச் சேராது. கீப் அலைவின் ஒன்றரை மடங்கு நேரம் சத்தமே இல்லையென்றால்தான் புரோக்கர் கிளையண்ட் போய்விட்டதாக முடிவு கட்ட வேண்டும் என்பது விதி. உங்கள் கணக்கில் அது 30 நிமிடம். பகல் சோதனை ஏன் தேறியது? பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தீர்கள், பச்சை விளக்கு எரிந்தது, உடனே போனிலிருந்து சோதனை எச்சரிக்கை தட்டினீர்கள். இணைப்புக்கு அப்போது வயது ஒரு நிமிடம். பெட்டியை ஆன் செய்து, சாப்பிட்டுவிட்டு வந்து, ஒரு மணி நேரம் கழித்துத் தட்டியிருந்தால் அன்றைக்கே அகப்பட்டிருக்கும்.

கீப் அலைவை 60 நொடிக்கு இறக்குங்கள். பிங் கேள்வி 2 பைட், பதில் 2 பைட். டிசிபி, ஐபி தலைப்புகளையும் சேர்த்தால்கூட ஒரு நாளைக்குக் கால் எம்பி அளவில்தான் வரும். அதற்காக 10 நொடி வைத்துவிடாதீர்கள். நம் மலையில் சிக்னல் ஒரு மேகம் இறங்கினாற்போல் போய் வரும், பெட்டி அறுந்து அறுந்து இணைந்துகொண்டே இருக்கும். கூடவே லாஸ்ட் வில் ஒன்று வையுங்கள். "நான் சொல்லாமல் போய்விட்டால் இந்தச் செய்தியை என் பேரில் போடு" என்று இணையும்போதே புரோக்கரிடம் எழுதிக் கொடுக்கும் உயில் அது. "சைரன்/கேத்தி/நிலை" என்ற டாபிக்கில் இணைந்ததும் "உண்டு" என்று ரீட்டெய்னோடு போடட்டும், உயிலில் "இல்லை" என்று எழுதட்டும். பெட்டி செத்தால் 90 நொடியில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அதோடு நிற்காதீர்கள். கியூஓஎஸ் என்பது ஒரு தாவலுக்கான உறுதிமொழி. நிரலிலிருந்து புரோக்கர் வரை ஒன்று, புரோக்கரிலிருந்து பெட்டி வரை இன்னொன்று. நிரல் கியூஓஎஸ் 1-ல் போட்டிருந்தாலும் பெட்டி 0-வில் சந்தா வைத்திருந்தால் பெட்டிக்கு வருவது 0-தான், இரண்டில் குறைந்தது. உங்கள் பெட்டியில் சந்தா 0 என்று இருக்கிறது; ஆகவே அந்த இரண்டு இரவிலும் இணைப்பு திரும்பியபிறகுகூட எச்சரிக்கை வரவில்லை. 1 ஆக்குங்கள், இணையும்போதெல்லாம் பழையதை மறந்துவிடும் கிளீன் செஷனையும் அணையுங்கள். ஆனால் பெட்டி செய்தியை வாங்கியது என்பதும் ஹாரன் ஊதியது என்பதும் வேறு வேறு. ஊதின பிறகு "ஊதினேன், எச்சரிக்கை எண் 318" என்று வேறொரு டாபிக்கில் பெட்டியே பதில் போடட்டும். நிரல் 60 நொடி பார்த்துவிட்டு, பதில் வராவிட்டால் ஊரில் இரண்டு பேருக்கு போன் அடிக்கட்டும். எம்கியூடிடிக்கு வெளியே ஒரு வழி எப்போதும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

எச்சரிக்கை இரண்டு முறை வருவது கோளாறே இல்லை. கியூஓஎஸ் 1 என்றால் "குறைந்தது ஒரு முறை". போன் வாங்கிக்கொண்டு அனுப்பிய ரசீது வழியில் தொலைந்தால், இணைப்பு அறுந்து திரும்பும்போது புரோக்கர் மறுபடி அனுப்பும். ஒரே கிளையண்ட் "தோட்டம்/#" என்றும் "தோட்டம்/+/எச்சரிக்கை" (+ இருக்கும் இடத்தில் எந்தப் பெயரும் பொருந்தும்) என்றும் இரண்டு சந்தா வைத்திருந்தாலும் இரண்டு பிரதி வரலாம். கியூஓஎஸ் 2 போட்டால் ஒரு தாவலுக்குள் இது நிற்கும், ஆனால் நான் அதை நாடுவதில்லை. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் எண் கொடுத்து, பார்த்த எண்ணை மறுபடி பார்த்தால் விட்டுவிடு என்று வாங்கும் பக்கத்தில் நாலு வரி எழுதினால் போதும்.

இரட்டிப்பு எங்கே கடிக்கும் தெரியுமா, கட்டளையில். ஒரு நண்பர் தோட்டத்தில் விடியற்காலையில் ஸ்பிரிங்க்ளர் போட்டுப் பனியைக் கழுவிவிடுவார்கள், வெயில் படுவதற்கு முன்பே. நான் மோட்டாருக்கு "மாற்று" என்று ஒரே கட்டளை வைத்திருந்தேன்: ஓடினால் நிறுத்து, நின்றால் ஓட்டு. அது இரண்டு முறை போனது. மோட்டார் ஓடி நின்றது, அன்றைக்கு ஒரு பாத்தி கருகியது. "ஓடு", "நில்" என்று பிரித்தேன், அந்தக் கோளாறு போயிற்று. புத்தி வந்துவிட்டதென்று நினைத்து, கட்டளை தொலையக் கூடாதே என்று ரீட்டெய்ன் போட்டேன். மத்தியானம் 12 மணிக்குக் கரண்ட் போய் வந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டி மறுபடி இணைந்ததும் புரோக்கர் காலையில் வைத்திருந்த "ஓடு" என்பதை எடுத்துக் கொடுக்க, ஆளில்லாத தோட்டத்தில் டேங்க் காலியாகும்வரை மோட்டார் ஓடியது. கட்டளைக்கு ரீட்டெய்ன் வைக்காதீர்கள்.

வருவதும் போவதுமாக இருக்கும் இரண்டு சென்சார்கள்: ஒரே நிரலை இரண்டு போர்டிலும் ஏற்றியிருப்பீர்கள், கிளையண்ட் ஐடியை மாற்ற மறந்திருப்பீர்கள். அதே ஐடியில் புதிதாக ஒருவர் வந்தால் பழையவரை வெளியே தள்ள வேண்டும் என்பது விதி. தள்ளப்பட்டவர் உடனே திரும்பி வந்து மற்றவரைத் தள்ளுவார், இப்படியே விடியவிடிய. லாகில் ஒரே பெயர் இரண்டு முகவரியிலிருந்து மாறி மாறி வரும். ஒவ்வொரு போர்டுக்கும் தனியாக இருக்கும் மேக் முகவரியை ஐடியில் சேர்த்துவிடுங்கள், முடிந்தது.

என்றைக்குமே எச்சரிக்கை வராத அந்தத் தோட்டம்தான் என்னை ஒரு ராத்திரி உட்கார வைத்தது. டாபிக் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறீர்கள். வைக்கலாம், டாபிக் என்பது யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் பைட்டாக்கும் முறை) சரம்தான். அளவுகள் வருகின்றன, "#" போட்டுப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிகின்றன. நிரலின் சந்தா மட்டும் பிடிக்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன், எழுத்துக்கு எழுத்து அதே "தோட்டம்". பிறகு, போகிற வருகிற தரவைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் பாக்கெட்டைத் திறந்து பைட் எண்ணினேன். நிரல் கேட்ட "தோட்டம்" 21 பைட். அந்த சென்சார் அனுப்பிய "தோட்டம்" 24 பைட்.

தமிழில் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8-ல் 3 பைட். "தோ" என்பதை "த" ஒன்று, ஓகாரக் குறி ஒன்று என்று இரண்டாக எழுதலாம். "த", இரட்டைச் சுழி, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடு இவற்றைச் சமம் என்கிறது, ஆனால் எம்கியூடிடி விதி டாபிக்கை ஒப்பிடும்போது புரோக்கர் எந்த இயல்பாக்கமும் செய்யக் கூடாது என்கிறது. பைட் பொருந்தாவிட்டால் அது வேறு டாபிக்தான். அந்த சென்சாரின் பெயர்ப் பட்டியலை யாரோ பழைய எழுத்துருவில் அடித்த கோப்பிலிருந்து மாற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பழைய எழுத்துருக்களில் சுழியும் காலும் தனித்தனி விசை, மாற்றியில் அப்படியே வந்திருக்கும். எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி என்ற, குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோடு வடிவுக்கு ஒரு முறை மாற்றி எழுதுங்கள். பைத்தானில் ஒரே வரி. ஒகர, ஓகார, ஔகார எழுத்து வரும் பெயர்களில் மட்டும்தான் இந்த ஆபத்து. கேத்தியில் இல்லை, தோட்டத்தில் உண்டு.

நேரத்தையும் ஒரு கண் பாருங்கள். பேட்டரி கடிகாரம் இல்லாத போர்டு, கரண்ட் போய் வந்ததும் இணையத்தில் மணி கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை 1970 ஜனவரி 1-ல் இருக்கும். உங்கள் லாகில் "காலை 5.30" என்று விநோதமாக நிற்கும் 11 அளவுகள் அவைதான். கிரீன்விச்சில் நள்ளிரவு நமக்கு 5.30. சென்சார் ஒவ்வொரு அளவோடும் வரிசை எண் அனுப்பட்டும், வாங்கிய நேரத்தை சர்வர் குறிக்கட்டும். எண்ணில் இடைவெளி விழுந்தால் எது தொலைந்தது என்றும் அதிலேயே தெரியும்.

கோளாறு தேடும்போது ஊகிக்காதீர்கள், கேட்டுக்கொண்டே இருக்க ஒரு ஒற்றனை வையுங்கள். வேறொரு மெஷினிலிருந்து "#" சந்தா போட்டு, வருகிற ஒவ்வொன்றையும் வந்த நேரத்தோடு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். செய்தி புரோக்கர் வரை வந்ததா, அதற்குப் பிறகு தொலைந்ததா என்று பாதியாகப் பிரித்துக் கொடுத்துவிடும். புரோக்கர் தன் சொந்தக் கணக்கை, அதாவது எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள், எத்தனை செய்தி கீழே விழுந்தது என்பதையெல்லாம், டாலர் குறியில் தொடங்கும் தனி டாபிக்குகளில் போட்டுக்கொண்டே இருக்கும். "#" அவற்றைப் பிடிக்காது, தனியாகச் சந்தா போட வேண்டும். விழுந்த கணக்கு ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கில் ஏறினால் மேலே சொன்ன வரிசைக் கதை உறுதி.

இணைப்பு அறுவதைச் சோதிக்க ஆப்பை மூடிப் பார்த்தால் போதாது. ஆப் போகும்போது முறையாக விடை சொல்லிவிட்டுப் போகும். உயில்கூட வெளியே வராது. ஃபயர்வாலில் அந்தப் பெட்டியின் பாக்கெட்டுகளைப் பதிலே சொல்லாமல் விழுங்கச் செய்யுங்கள். பள்ளத்தாக்கில் நடப்பது அதுதான்.

இன்னொன்று, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். உங்கள் புரோக்கர் 1883 போர்ட்டில் பெயரும் பாஸ்வேர்டும் இல்லாமல் இணையத்துக்குத் திறந்து கிடக்கிறது. மஸ்கிட்டோ 2.0-லிருந்து கான்ஃபிக் இல்லாமல் ஓட்டினால் உள்ளூர் இணைப்பை மட்டுமே ஏற்கும். நீங்கள் வேலை ஆகவில்லை என்று தேடி, பெயரில்லாதவரையும் விடு என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். எவர் வேண்டுமானாலும் உங்கள் சைரனை ஊதலாம். பாஸ்வேர்டு வையுங்கள், டிஎல்எஸ் குறியாக்கம் போட்டு 8883-க்கு மாறுங்கள், ஒவ்வொரு சென்சாரும் தன் டாபிக்கில் மட்டும் எழுதும்படி அனுமதிப் பட்டியல் எழுதுங்கள்.

சென்சார் 12-ஐயும் கொஞ்சம் இறக்கி வையுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அது வீட்டுத் திண்ணையோரம் ஆள் உயரத்தில் இருக்கிறது. குளிர்காற்று கனம், ராத்திரியில் சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். திண்ணையில் 4 டிகிரி காட்டும்போது கீழே கேரட் பாத்தியில் புல் வெள்ளையாகிவிட்டிருக்கும். அங்கே எந்த புரோக்கர் ஓடினாலும் எச்சரிக்கை கிளம்பாது.

இவ்வளவையும் செய்தபிறகு, வானம் தெளிந்து காற்று அசையாத ஒரு ராத்திரி பார்த்து ஒற்றனை ஓடவிட்டு, லாகை அனுப்புங்கள். முழுதும் வேண்டாம். 9-லிருந்து 9.30 வரை ஒரு துண்டு, 2-லிருந்து 4 வரை ஒரு துண்டு.